செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய வண்டி

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகும் உன் அப்பா அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். லைன் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும், "சரிப்பா... சரி... பாப்பாவ பாத்துக்கோ" என்று வெறும் போனில் பேசி முடித்துவிட்டுத்தான் கீழே வைத்தார். நான் அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்காகத்தான் அப்படிச் செய்தார். நீ கத்தியது எனக்கு முன்னாலேயே கேட்டுவிட்டது என்று அவருக்குத் தெரியாது. "உங்களுக்கு எது வாங்கிக் குடுத்தாலும் ஒரு நொட்டை சொல்லுவீங்கப்பா. இனிமே நான் கேக்கவே மாட்டேன், போங்க" என்றாய். நீ அப்படிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒரு மாதமாக இணையத்தில் தேடி, எங்கள் இரண்டு பேருக்கும் ஏற்ற சின்ன வண்டியாகப் பார்த்து, சென்னையிலிருந்தே ஷோரூமில் பேசி, ஓட்டிப் பார்க்க நாளும் குறித்துக் கொடுத்தாய். அவரோ, "பிரேக் சரியில்ல, பிக்கப் கம்மி, வேணாம்பா" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டார். என் காதிலேயே அது நன்றிகெட்ட பேச்சாகத்தான் விழுந்தது.

இதைப் போனில் சொல்ல முடியாது. நம் வீட்டில் எந்த மூலையில் பேசினாலும் எல்லா மூலைக்கும் கேட்கும். வாட்ஸ்அப்பில் எழுதினால், பாப்பா படம் வந்திருக்கிறதா என்று அவர்தான் நாளெல்லாம் எடுத்துப் பார்க்கிறார். அதனால் காகிதத்தில் எழுதித் தபாலில் போடுகிறேன். அடுத்த மாதம் நீ பெண்டாட்டி பிள்ளையோடு ஜெர்மனிக்குப் போகிறாய். இந்த மனத்தாங்கலோடு நீ விமானம் ஏறக் கூடாது. அன்றைக்கு அந்த வண்டியில் நடந்ததை உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டார். நானும் தலையாட்டினேன். சாமி விளக்கு எரியும்போது ஆட்டிய தலை. பெருமாள் என்னை மன்னிப்பாரோ மாட்டாரோ, நீ முதலில் முழுவதையும் படி.

உனக்கு அந்த மழை நாள் நினைவிருக்கும். ஏழாவதோ எட்டாவதோ படித்தாய். பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஸ்டாப்பில் நனைந்துகொண்டு நிற்கிறாய். அப்பா ஷூ கம்பெனி வேனை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தார். உன்னைப் பார்த்தார், நீயும் பார்த்தாய். நிறுத்தாமல் போய்விட்டார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அவரோடு நீ பேசவில்லை. "வேன்ல அவ்ளோ எடம் இருந்திச்சும்மா, காலியாத்தான் போச்சு" என்று என்னிடம் அழுதாய். கம்பெனி ஆட்களைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது என்பது ரூல். மற்ற டிரைவர்கள் மீன்கூடைக்காரியிலிருந்து மச்சான் வரைக்கும் ஏற்றினார்கள், இவர் ஏற்றமாட்டார். "அது நம்ம வண்டி இல்லடா" என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னார். நீ தூங்கின பிறகு என்னிடம், "கண்ணாடில பாத்துக்கினே போனேன். திருப்பம் வர்ற வரைக்கும் அங்கியேதான் நின்னான்" என்றார். வேலைக்குப் போகும் பெண்களைச் சுற்றுக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்து விட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டு, வேலை நாள் பூராவும் ஸ்டியரிங் பிடித்த மனுஷர். தன்னுடையது என்று ஒரு ஸ்டியரிங்கை ஒரு நாளும் பிடித்ததில்லை. ரிட்டயர் ஆன பிறகும் நம் பழைய மொபெட்தான். ஆகவே, நீ கார் வாங்கித் தருகிறேன் என்று சொன்ன அன்றைக்கு அவர் என்ன செய்தார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். "எதுக்கு வீண் செலவு" என்று உன்னிடம் சொல்லிவிட்டு, வெளியே போய் நம் வீட்டுச் சந்தின் அகலத்தைக் காலடியால் அளந்துகொண்டு நின்றார். வண்டியை எங்கே நிறுத்துவது என்று.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே முகம் மழித்து, உன் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். நீ அனுப்பிய விளம்பரத் தாளை நான் இரண்டு தரம் படித்து வைத்திருந்தேன். எட்டாவதோடு நின்றவள் என்றாலும் கையில் கிடைத்த எதையும் விட்டதில்லை. புரியாததை யாரிடமாவது கேட்டாவது தெரிந்துகொள்வேன். பின்னால் டிக்கியில் எவ்வளவு இடம் என்று லிட்டரில் போட்டிருந்தார்கள். "லிட்டர்ல போட்டா இன்னா புரியுது? கேஸ் சிலிண்டர் நிக்குமா, அத சொல்லச் சொல்லுங்க" என்றேன். உன் அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாயிற்று. பள்ளிகொண்டா பெருமாளை நினைத்துக்கொண்டு ஓர் எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன். வண்டி வந்தால் முதல் ஓட்டம் அந்தக் கோயிலுக்குத்தான் என்று வேண்டியிருந்தேன். சன்னதியில் எல்லாரும் முகத்தைப் பார்க்க முண்டுவார்கள். நான் எப்போதும் பாதத்தில்தான் தொடங்குவேன். வீட்டிலும் அப்படிப் பார்க்கத் தெரிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

ஆம்பூரைத் தாண்டி ஹைவே ஓரத்தில் இருக்கிறது ஷோரூம். உன்னிடம் போனில் பேசிய பெண்தான் வந்து அழைத்துப் போனாள். சபீனா என்று பெயர். தலையில் முக்காடு, கழுத்தில் கம்பெனி அட்டை, பேச்சில் ஒரு நல்ல மரியாதை. உள்ளே கண்ணாடி மாதிரித் தரை. உன் அப்பா முன்னால் நடந்தார், நான் பின்னால். துடைத்துக்கொண்டிருந்த அம்மாள், "பெரியவரே, செருப்பு இங்க கீது" என்று கூப்பிட்ட பிறகுதான் பார்த்தேன். அவருடைய வலது கால் செருப்பு கழன்று நடுவழியில் கிடக்கிறது. அவர் வெறுங்காலோடு வண்டி வரைக்கும் போய்விட்டார். சர்க்கரைக்காரர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு அது. பின்னால் வார் உண்டு. அதை மாட்டினால் வயசானவன் மாதிரி இருக்கிறதாம், மாட்டமாட்டார். "இன்னா தரை இது, வழுக்கிக்கினு போவுது" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்து போட்டுக்கொண்டார். நானும் சிரித்தேன். வீட்டில் உப்பு குறைந்தால்கூட எனக்குத் தெரியும், ஒரு காசு விடாமல் கணக்கு எழுதுகிறவள் என்று நீங்களெல்லாம் கேலி செய்வீர்கள். செருப்பு கழன்றதே தெரியாமல் ஒரு மனிதர் நடந்திருக்கிறார் என்பதை அந்தக் கணக்குக்காரி கவனிக்கவில்லை.

அடுத்து நான் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெள்ளை வண்டி, சின்னதாக, கழுவித் துடைத்து, வெயிலில் பளபளவென்று நிற்கிறது. எனக்கு அது லட்சுமியாகத் தெரிந்தது. அவர் கதவைத் திறந்து காலைத் தூக்கினார். "இன்னாங்க, செருப்போடவா? புது வண்டி. கழட்டிட்டு ஏறுங்க" என்றேன். சபீனா, "பரவால்லம்மா, இது எல்லாரும் ஓட்டிப் பாக்குற வண்டிதான். சார் செருப்போடவே ஓட்டட்டும்" என்றாள். நான் கேட்கவில்லை. "அது உங்களுக்கும்மா. எங்களுக்கு முதல் தடவ" என்றேன். அவரும் மறுபேச்சில்லாமல் கழற்றினார். என்னுடையதையும் கழற்றினேன். இரண்டு ஜோடியையும் ஒரு பையில் போட்டு என் காலடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தேன். வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த காலை, நம்முடையது அல்லாத ஒரு வண்டிக்காக நான் வெறுங்காலாக்கினேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நீ பார்த்திருக்க வேண்டும் கண்ணா. சீட்டை முன்னால் தள்ளி, கண்ணாடியைச் சரிசெய்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளப்பினார். ஹைவேயில் ஏறியதும் முதுகு நிமிர்ந்துவிட்டது. "வேன்ல கியர் போட்டா தோள்பட்ட கழண்டுடும்மா. இது இன்னா, வெண்ணையாட்டம் வுழுவுது" என்று சபீனாவிடம் சொல்கிறார். அவள், "சார் ஓட்டறத பாத்தா நான்தான் கத்துக்கணும்" என்கிறாள். எனக்கு அந்தத் தலையின் பின்பக்கம்தான் தெரிந்தது. காது மடல்கூடச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய். அப்படித்தான் இருந்தது. "உன் மருமவளும் பாப்பாவும் வந்தா பின்னாடி மூணு பேர் தாராளமா ஒக்காரலாம்" என்று என்னிடம் கண்ணாடி வழியாகச் சொன்னார். நீங்கள் இனி எப்போது வருவீர்கள் என்பதை நாங்கள் இரண்டு பேருமே பேசவில்லை.

திரும்பும்போது சர்வீஸ் ரோட்டில் இறங்கினோம். சனிக்கிழமை அரை நாள் வேலை. அவர் வேன் ஓட்டிய அதே ஷூ கம்பெனியில் அப்போதுதான் ஆள் விட்டிருந்தார்கள். கம்பெனிக் கோட்டு போட்ட பெண்கள் பையும் டிபன் டப்பாவுமாக ரோட்டை அடைத்துக்கொண்டு வேன்களைப் பார்த்துப் போகிறார்கள். உன் அப்பாவுக்குப் பழக்கப்பட்ட கூட்டம். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டார். மெதுவாக ஊர்ந்து போனோம். ஒரு பெண் குறுக்கே வந்தாள். அவர் பிரேக்கை அழுத்தினார். அழுத்தினார் என்றுதான் அவர் நினைத்தார். வண்டி உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. "சார், பிரேக்! பிரேக்!" என்று கத்திக்கொண்டே சபீனா ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். வண்டி உதறிப்போட்டு நின்றது. அந்தப் பெண் மீது படவில்லை. அவள் கையிலிருந்த பையில் பட்டு, டப்பா தெறித்து, மிச்சம் வைத்திருந்த சோறு ரோட்டில் சிதறியது.

கூட்டம் சூழ்ந்துவிட்டது. "யோவ், கண்ணு தெர்ல? பொம்பளைங்க போறது தெர்ல?" என்று ஒருத்தி பானெட்டில் தட்டினாள். உன் அப்பா கதவைத் திறந்து இறங்கினார். அவரைப் பார்த்ததும் தட்டிய கை நின்றுவிட்டது. "அய்யய்யோ, நம்ம வேன் அண்ணன்டி!" என்றாள். பை போன பெண்ணே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாண்ணா, நீயா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா? எனுக்கு ஒண்ணும் ஆவலண்ணா, நீ பயப்படாத" என்கிறாள். திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவர்களில் பாதிப்பேர் கல்யாணத்துக்கு முந்தி, கல்யாணத்துக்குப் பிந்தி, பிள்ளை வயிற்றோடு என்று எல்லாக் காலத்திலும் அவர் வேனில் வந்தவர்கள். ஒரு கீறல் பட்டதில்லை ஒருத்திக்கும். "பிரேக் புடிக்கலம்மா" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். குனிந்து டப்பாவையும் மூடியையும் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

நானும் இறங்கியிருந்தேன். அப்போதுதான் கண்ணா, அதைப் பார்த்தேன். வேலூர் வெயிலை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை மாதம், உச்சி சாய்ந்த நேரம், தார் ரோடு. என் கால் இரண்டும் வெந்தது. ஒரு நொடி ஊன்ற முடியாமல் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துத் துள்ளிக்கொண்டு, கடைசியில் வண்டி நிழலுக்குள் ஒதுங்கினேன். உன் அப்பாவும் என்னைப்போல வெறுங்கால்தான். அந்தத் தாரில் அசையாமல் நின்று, நிதானமாக, அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். வீட்டுத் தரையில் நிற்கிறவர் மாதிரி. "காலு சுடலியாங்க?" என்று கத்தினேன். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

திரும்பும்போது சபீனாதான் ஓட்டினாள். அவர் பின் சீட்டில் என் பக்கத்தில் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். ஷோரூமில் அவள் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, ஓட்டிப் பார்த்தவர்களிடம் கேட்கிற வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். அவள் வேலை அது. "வண்டி எப்டி சார் இருந்திச்சு?" உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "பிரேக் சரியில்லம்மா. பிக்கப்பும் கம்மி" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். "ஆமா சார். சில பேருக்கு இந்த வண்டி பிரேக் செட் ஆகறதில்ல. நான் சொல்றேன் சார், செக் பண்ணச் சொல்றேன்" என்றாள். விற்க வந்த பெண், தன் வண்டியைத் தானே குறை சொன்னாள். வாசல் வரைக்கும் வந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டபோது என் காதோரம், "எங்க அத்தாவுக்கும் சுகர்தாம்மா. சீக்கிரம் கால காட்டுங்க" என்றாள். அந்தப் பெண்ணுக்காக நான் தினமும் விளக்கு ஏற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். அவள் சாமி வேறு என்பதற்காகப் பெருமாள் கேட்காமல் இருக்கமாட்டார்.

வீட்டில் சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு, அவர் காலை என் மடியில் எடுத்து வைத்தேன். இழுத்துக்கொண்டார். மறுபடி வைத்தேன். இரண்டு பாதத்திலும் கொப்புளம், அப்பளம் மாதிரி. தொட்டால் எனக்குத்தான் வலித்தது. "எத்தினி நாளா இப்டி?" என்று கேட்டேன். "தெர்ல. பஞ்சு மேல நடக்கிறாப்ல இருந்திச்சு மொதல்ல. இப்ப அதுவும் இல்ல. குனிஞ்சு பாத்தாதான் காலு எங்க கீதுன்னு தெரியுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன்கிட்ட சொல்லாத. ஊருக்குப் போற நேரத்துல பேஜாரு பண்ணாத. போறத நிறுத்திடுவான்" என்றார். நீ போவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்துதான், கண்ணா, அவர் உன் வண்டியைக் குறை சொன்னார். நீ திட்டினாலும் சரி, ஊருக்குப் போனால் போதும் என்று.

திங்கட்கிழமை வேலூருக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டார். அவர் ஒவ்வொரு தரமும், "தெரியுது, தெரியுது" என்றார். டாக்டரம்மா கையைத் தூக்கி, தொடாமலே, "இப்ப?" என்றார். "தெரியுதும்மா" என்றார் உன் அப்பா. கண்ணை மூடிக்கொண்டு, தேர்வில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி. நான் வெளியே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நரம்பு செத்தது இனித் திரும்பாது என்றார்கள். கொப்புளம் ஆறிவருகிறது, வலது காலில் சுண்டுவிரல் மட்டும் கறுத்திருக்கிறது. அதை எடுக்க வேண்டி வரலாம், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்று அவர்கள் சொல்வதற்கு முன்னாலேயே அவர் மொபெட் சாவியைக் கொண்டுபோய்ப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். பூ மாற்றும்போது அதை நகர்த்தித் துடைத்துவிட்டு அங்கேயே வைக்கிறேன்.

ஆகவே கார் வேண்டாம். ஆள் வைத்து ஓட்டலாமே என்று உனக்குத் தோன்றும். இன்னொருவர் ஓட்ட, சொந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருவது அவருக்கு நீ செய்யும் உபகாரமாக இருக்காது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ இருக்கிறது, நான் இருக்கிறேன். பயணத்தையும் நிறுத்தாதே. நிறுத்தினால் தன் கால் உன் காலைக் கட்டிவிட்டது என்றே மீதி நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பார். நீயும் உன் உடம்பைப் பார்த்துக்கொள். இந்தச் சர்க்கரை நம் வீட்டில் அவரோடு நின்றுவிடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. குளித்ததும் பாதத்தைத் தொட்டுப் பார். என் பிள்ளைக்கு நான் கொடுக்கும் புத்தி அவ்வளவுதான்.

இனி ஒன்று கேட்கப்போகிறேன். சின்ன வயதில் பென்சில் எடுத்ததற்குப் பொய் சொன்னாய் என்று உன்னைச் சாமி முன்னால் தோப்புக்கரணம் போட வைத்தவள் நான். அதே நான் இப்போது கேட்கிறேன்: உன் அப்பாவிடம் ஒரு பொய் சொல். போன் பண்ணு. "நானும் விசாரிச்சேன்பா. அந்த வண்டில பிரேக் கம்ப்ளெய்ண்ட்டு இருக்காம். நீங்க சொன்னது சரிதான். நல்லவேள வாங்கல" என்று சொல். தடுமாறாமல் சொல்ல வேண்டும். அதனால் முதலில் தனியாக ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொள். இந்தப் பாவத்தை என் பேரில் எழுதிக்கொள்ளச் சொல்லி நான் பெருமாளிடம் பேசிவிட்டேன்.

போவதற்கு முன்னால் ஒரு நாள் வா. வாடகைக்கு ஒரு சின்ன வண்டி எடுத்து நீயே ஓட்டிக்கொண்டு வா. பள்ளிகொண்டாவுக்குப் போய் வருவோம். அப்பாவை முன் சீட்டில் உட்கார வை. ஏறும்போது அவர் பழக்கத்தில் செருப்பைக் கழற்றப் போவார், விடாதே. "அழுக்கானா ஆவட்டும்பா" என்று சொல்லி, குனிந்து, பின் வாரை நீயே மாட்டிவிடு. ஹைவேயில் ஏதாவது குறுக்கே வந்தால், அவருடைய வலது கால் முன்னால் வெறும் தரையில் போய் அழுந்தும். கீழே பார்க்காதே கண்ணா. ரோட்டைப் பார்த்துக்கொண்டு, நீ பிரேக்கைப் போடு.

வீட்டில் விளக்கு ஏற்றும் நேரமாகிவிட்டது. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

அம்மா